எதிரொலி அடங்கும்வரை ஆமென் சொல்லாதீர்கள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு எதிரொலி இருந்ததாம். அதைப் பிடித்துப் பெட்டியில் போட ஒரு பையன் புறப்பட்டானாம். உம் கொட்டினீர்களா? கொட்டினால்தான் மேலே சொல்வேன். என்னைக் கதை சொல்லி வளர்த்த தாத்தா அப்படித்தான். கேட்கிறவன் ‘உம்’ என்று சொல்லாவிட்டால் ராஜகுமாரனைக் குதிரையோடு நட்டநடுக் காட்டில் நிறுத்திவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்.

அந்தப் பையன் நான்தான். சத்தம் பிடிக்கிற வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் எங்கள் தொழிலில் சத்தம் தானாகவே வந்து விழும். வேண்டாத சத்தத்தைத் துரத்துவதற்குத்தான் சம்பளம். குழந்தை தூங்கும் வீட்டில் குக்கர் வைப்பவர்களே, பக்கத்து வீட்டு மிக்சி ஓடும்போது ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

வேலை பார்ப்பது கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில், பிஜு சேட்டனின் ஸ்டூடியோவில். சேட்டன் என்றால் அண்ணன். ஐ.டி. கம்பெனிகளுக்காக ‘உங்கள் கடவுச்சொல்லை யாரிடமும் பகிராதீர்கள்’ என்று நான்கு மொழியில் பதிவு செய்வது எங்கள் அன்றாடப் பிழைப்பு. அங்கேதான் ஒருநாள் ஜெயசீலி டீச்சர் வந்தார். ரிட்டயரான கணக்கு டீச்சர். நகரத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்கள் போகும் ஒரு பழைய தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். முன்னூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் ஒருவர் இசையமைத்த லத்தீன் சங்கீதம் ஒன்றை, பைபிள் துதிப்பாட்டுதான், பரோக் பாணி என்பார்கள், இரண்டு வருஷமாக உருப்போட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் கோயில் கமிட்டி ஏ.சி. போட முடிவெடுத்துவிட்டது. ஏ.சி. என்றால் ஃபால்ஸ் சீலிங். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சாரக்கம்புகள் வந்து இறங்கும். அதற்குமுன் முழுப்பாட்டையும் அந்த உயரமான கூரையின் எதிரொலியோடு பதிவு செய்துவிட வேண்டும். வேறு நாள் கிடையாது.

“கூரை மறைஞ்சா பாட்டு பாதி போச்சு மக்ளே,” என்றார் டீச்சர். “எங்க பாட்டுல பாதிதான் நாங்க பாடுகது. மீதி கூரை பாடுகதாக்கும்.”

பிஜு சேட்டனின் சுத்தம்

ஒத்திகை ஒன்றைச் சோதனைக்காகப் பதிவு செய்துகொண்டு வந்தேன். மறுநாள் ஸ்டூடியோவில் பிஜு சேட்டன் முகத்தில் ஒரே வெளிச்சம். என் பதிவைக் கேட்டாராம். முழுக்க எக்கோவாக இருந்ததாம். பாவம், பையன் மைக்கை எட்ட வைத்துவிட்டான் என்று இரக்கப்பட்டு, மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த எக்கோவை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிட்டார். கேட்டுப் பார்த்தேன். நாற்பது பேர் ஒரு பீரோவுக்குள் நின்று பாடுவதுபோல் இருந்தது.

அது அவருக்கே கொஞ்சம் வறட்சியாகத் தோன்றியிருக்கிறது. சர்ச் பாட்டு அல்லவா, லேசாக எக்கோ இருந்தால் நன்றாயிருக்குமே என்று, கம்ப்யூட்டரில் ‘பெரிய தேவாலயம்’ என்ற பெயரில் கிடந்த ரெடிமேட் எக்கோவை எடுத்து மேலே பூசியிருந்தார். எந்த ஊர்த் தேவாலயமோ தெரியாது. “சேட்டா, அவங்க கேட்டதே அந்த எக்கோவைத்தான்” என்று மெல்லச் சொன்னேன். நான் எதையும் மெல்லத்தான் சொல்வேன். சத்தம் பிடிப்பவனுக்குச் சத்தமே வராது என்று வீட்டில் ஒரு கேலி உண்டு. பிஜு சேட்டன் என் தோளில் தட்டினார்.

“எடா, அது பழைய எக்கோ அல்லே? இது புதியதாணு. நல்ல க்வாலிட்டி உண்டு.”

பத்தரை மணி

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. வயலினுக்குக் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்திலிருந்து அனந்தராமன் மாமா வருகிறார். டீச்சர் கணக்கு எடுத்த பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். “சனிக்கிழமை ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலம். நான் வில்லைத் தொடமாட்டேன்” என்று போனிலேயே சொல்லிவிட்டார். டீச்சர் குழுவைக் கூட்டி அறிவித்தார்: நமக்கு இந்த மாதிரி நம்பிக்கை எதுவும் கிடையாது, ஆனாலும் பெரியவர், அவருக்காகப் பதிவைப் பத்தரைக்கு வைத்துக்கொள்வோம், நாம் ஒன்பதுக்கே வந்து குரலைப் பதப்படுத்தலாம். நாற்பது தலையும் ஆடின.

ஒன்பது மணிக்கு இருந்தது மூன்றே பேர். நான், டீச்சர், கோயில்பிள்ளை நேசையன். கோயில்பிள்ளை என்றால் தேவாலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, பூட்டுகிறவர். மற்றபடி பெஞ்சுகள்தான். டீச்சர் வாட்சைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்தரை தாண்டியதுதான் தாமதம், பஸ்ஸிலிருந்தும் ஆட்டோவிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் வாசலில் இறங்கினார்கள். ஒருவர் வீட்டுக்குக் கியாஸ் சிலிண்டர் வந்ததாம். ஒருவருக்குச் செருப்பு அறுந்ததாம். பாடத் தெரிந்த அத்தனை பேருக்கும் பத்தரை வரைக்கும் ஏதோ ஒரு தடங்கல். அனந்தராமன் மாமா செருப்பை வாசலில் விட்டு, கூட்டத்தைக் கண்களால் ஒரு சுற்று பார்த்துவிட்டு டீச்சரிடம் சொன்னார்:

“நம்பிக்கை இல்லாதவாளுக்கே இவ்வளவு கரெக்டா நேரம் தெரிஞ்சிருக்கு. பேஷ்.”

நேராக நிற்கும் ஸ்வரம்

மாமாவுக்கு நாற்காலி போட்டிருந்தோம். அதைத் தள்ளி வைத்துவிட்டு, கொண்டுவந்த பாயைப் பீடத்துப் படிக்கு முன்னால் விரித்து, சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டார். நான் மைக்கைத் தரைக்கு இறக்கினேன். லத்தீன் சங்கீதம் தரையிலிருந்து கிளம்பியது. முதல் ஸ்வரம் நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. இரண்டாவது லேசாக அசைந்தது. மூன்றாவது ஊஞ்சலில் ஏறிவிட்டது.

“சார், ஆட்டாம வாசிக்கணும்” என்றார் டீச்சர். “நான் எங்கே ஆட்டினேன்?” என்றார் மாமா. ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அடடா, என்னமா ஆடறது!” என்று ரசித்தார். மறுபடி தொடங்கினோம். இந்த முறை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, அளவு சிறுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு கல்யாண ஊர்வலத்தில் நடப்பவர்போல, நேராகவே வாசித்தார். நீளமான ஸ்வரம் ஒன்று வந்தது. பாதியில் வில்லை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார், நான்தான் அந்த இசையை எழுதியவன் என்பதுபோல.

“ஏண்டா அம்பி, ஒரு ஸ்வரத்தை இத்தனை நேரம் ஒரே இடத்துல நிக்க வெச்சா, அதுக்குக் கால் வலிக்காதோ?”

அமைதிக்கு ஒரு குரல்

பதிவு தொடங்குமுன் யாராவது ‘அமைதி’ என்று சொல்ல வேண்டும். அது என் வேலை. சொன்னேன். முன் வரிசைப் பெண்மணி ஒருவர் “என்ன மக்ளே, தண்ணி வேணுமா?” என்றார். இன்னொரு தரம் சொன்னேன். ஒருவர் தண்ணீர் பாட்டிலையே எடுத்துவந்து கொடுத்துவிட்டார். குடித்தேன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த நேசையன் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இருந்தபடியே நெஞ்சை நிமிர்த்தி, “ஒருத்தரும் சத்தம் போடப்படாது!” என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். ஊரில் ஒலிபெருக்கி வருமுன் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கூரை அதை வாங்கி, இந்தப் பக்கம் எறிந்து, அந்தப் பக்கம் பிடித்து, மாடத்தில் உருட்டிவிட்டது. அன்றைக்கு முழுக்க அந்த இடத்தில் எழுந்த பெரிய சத்தம் அதுதான். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அது அடங்கக் காத்திருந்தோம். அடங்கியதும் நான் கை காட்டப் போனேன். அதற்குள் அவர், வேலையை முழுசாகச் செய்கிறவர் ஆகையால், மறுபடி நெஞ்சை நிமிர்த்தினார்:

“பிள்ள சொல்லுகது கேக்கல்லியா? சத்தம் போடப்படாதுன்னாக்கும் சொல்லுகான்!”

நாளை

பாட்டின் நடுவில், நியாயத்தீர்ப்பைப் பற்றி நான்கு குரலும் மாறிமாறிப் பயமுறுத்தும் இடம் ஒன்று உண்டு. குரல்கள் ஏறி ஏறி உச்சியில் போய் நிற்கும். சட்டென்று ஒரு மௌனம். கூரை மட்டும் பேசும். பிறகு எல்லாரும் மிக மெதுவாகத் தொடங்குவார்கள். அந்த மௌனத்துக்காக டீச்சர் மாதக்கணக்கில் கணக்கு மாதிரி எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தார்.

குரல்கள் ஏறின. உச்சிக்குப் போயின. நின்றன. அந்த மௌனத்துக்குள், வாசலில் அப்போதுதான் வந்து நின்ற லாட்டரி வண்டியின் ஒலிபெருக்கி அச்சுப் பிசகாமல் விழுந்தது: “நாளெயாணு! நாளெயாணு! நிங்ஙளுடெ பாக்யம் நாளெயாணு!” குலுக்கல் நாளைக்கு, உங்கள் அதிர்ஷ்டமும் நாளைக்கு என்று. குழு அசரவில்லை. எண்ணிக்கை முடிந்ததும் ஒரு குரல்கூடப் பிசகாமல் மெதுவாகத் தொடங்கி, பாடி முடித்தார்கள். டீச்சர் கையை இறக்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அர்த்தம் ஒண்ணும் பெரிசா மாறல்ல மக்ளே. இருந்தாலும் இன்னொரு தடவ பாடிருவோம்.”

ம்யூட்

டெனர் என்ற ஆண்களின் மேல்குரலுக்கு இரண்டே பேர். ஒருவன் ஷிபின், கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர். இன்னொருவர் ஷிபின் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறவர். தனியாக விட்டால் எந்தக் குரலிலும் சேர்ந்துகொள்வார். ஷிபினுக்கு அந்த வாரம் ஆன்-கால் டியூட்டி. சர்வர் விழுந்தால் எழுப்ப வேண்டும். அதனால் பாட்டுப் புத்தகம் வைக்கும் பலகையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பாடினான்.

மதியத்துக்குச் சற்றுமுன் சர்வர் விழுந்தது. ஷிபின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினான். வழக்கம்போல இன்னொரு டெனரும் பின்னாலேயே ஓடினார். பாதி வரி தாண்டிய பிறகுதான் டெனரே இல்லை என்று டீச்சர் கவனித்தார். அவர் கையைக் காட்டி நிறுத்துவதற்குள், மாமா கண்ணை மூடிக்கொண்டு டெனரின் வரியை வயலினில் எடுத்துக்கொண்டார், ஆட்டத்தோடு. கொஞ்சநேரம் அந்த ஜெர்மானியர் பாட்டு கிழக்கேகோட்டைக்குப் போய் வந்தது. அப்போது அறைக் கதவு திறந்து ஷிபினின் தலை மட்டும் எட்டிப்பார்த்தது. காதில் ஹெட்செட்.

“டீச்சர், தப்பா எடுக்காதீங்க. பேக்ரவுண்டுல உள்ளவங்கள ம்யூட் பண்ண முடியுமான்னு மேனேஜர் கேக்குறாரு.”

அவங்க ஆமென்

மதியம் சாப்பாடு முடிந்து கடைசிப் பகுதிக்கு வந்தோம். அதில் இருப்பது ஒரே ஒரு சொல்: ஆமென். பக்கம் பக்கமாக ஆமென். ஒரு குரல் தொடங்கும், இன்னொன்று துரத்தும், மூன்றாவது குறுக்கே புகும், எல்லாம் பின்னிக்கொண்டு ஏறி, கடைசியில் ஒரே பெரிய ஆமெனாக விரிந்து நிற்கும். அதன் எதிரொலி கூரையெல்லாம் சுற்றி அடங்கும். டீச்சர் சொன்ன ‘மீதிப் பாதி’ அதுதான். அந்த எதிரொலிக்காகத்தான் இத்தனை பாடும்.

பெரிய கதவின் தாழ்ப்பாள் தேய்ந்துபோனது. யாராவது முதுகைக் கொடுத்து நின்றால்தான் கதவு மூடியிருக்கும். இல்லாவிட்டால் ரோடு முழுக்க உள்ளே வந்துவிடும். நேசையன் அண்ணாச்சி முதுகைக் கொடுத்தார். குழு பாடியது. கடைசி ஆமென் விரிந்தது, எதிரொலி கூரைக்கு ஏறியது. அது பாதி தூரம்கூடப் போயிருக்காது. கதவுப் பக்கமிருந்து கனிந்த குரலில் இன்னொன்று கிளம்பியது: “ஆஆமென்.”

வெட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எதிரொலிக்குள் விழுந்ததை எடுப்பது பாயசத்தில் விழுந்த உப்பைப் பொறுக்குவதுபோல. அவருடைய ஆமெனும் எதிரொலித்துக்கொண்டல்லவா இருக்கிறது! டீச்சர் நிதானமாகத்தான் கேட்டார்: “நேசையா, இவ்வளவு நேரம் நாங்க சொன்ன ஆமென் போதாதா?” அண்ணாச்சிக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“அது பாடினவங்க ஆமெனாக்கும் டீச்சரே. கேட்டவனுக்க ஆமென் யாரு சொல்லுவா?”

வாய் நிறையத் தண்ணீர்

அவரை வெளியே நிறுத்தி, கதவு வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். பிடித்துக்கொண்டார். கடைசி ஆமெனுக்கு வெளியிலிருந்து, கதவிடுக்கு வழியாக, இன்னும் உருக்கமாகப் பதில் வந்தது. வெளியே நின்றால் உள்ளே கேட்காதோ என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாராம்.

அடுத்து டீச்சருக்கு ஒரு யோசனை. அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டு, வாய் நிறையத் தண்ணீர் கொடுத்து, விழுங்காமல் கதவில் சாய்ந்து நிற்கச் சொன்னார். அவரும் கன்னம் இரண்டும் உப்பி, ஊதுகுழல்காரர்போல நின்றார். பாட்டு ஏறியது. அவர் கண்ணில் நீர் தளும்பியது. எந்த நீர் என்று சொல்வதற்கில்லை. கடைசி ஆமென் விரிந்தது. எதிரொலி அழகாக எழுந்தது. அப்போது, எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது, ‘களக்’ என்று ஒரு விழுங்கல். அதைத் தொடர்ந்து, அடைப்பு நீங்கிய சந்தோஷத்தோடு, “ஆமென்.” குழுவில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் வாட்சைப் பார்த்தார். மணி மூன்றை நெருங்கிவிட்டது. அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னார்:

“நான் பிடிச்சுத்தான் வச்சேன் டீச்சரே. தண்ணி போச்சு, அதுக்க பின்னால அதுவும் போச்சு.”

உம்

அடுத்த தடவை அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்தது. எதிரொலி எழுந்து, சுற்றி, அடங்கியது. ஆமென் வரவில்லை! நான் கட்டைவிரலைத் தூக்கினேன். நாற்பது பேரும் கை தட்டினார்கள். டீச்சர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

கடைசி ஆமென் விரிந்தது. எதிரொலி ஏறியது. ஏறும்போதே, மிக அருகில், மிகத் திருப்தியாக, ஒரு குரல்: “உம்.” எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். “நான் இல்ல! நான் சொன்னா ஆமென்னாக்கும் சொல்லுவேன்!” என்று அவர் பதறினார். இன்னொரு முறை போட்டேன். குரலை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. தாத்தா மடியில் கதை கேட்டுக் கேட்டு, நன்றாக ஒன்று முடிந்தால் என்னை அறியாமலே வந்துவிடுகிறது. ‘அமைதி’ என்று கத்தியபோது முன்வரிசைக்குக்கூடக் கேட்காத குரல், மைக்குக்கு மட்டும் எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறது! “என்னோடதுதான்” என்றேன். இதுவும் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். அந்தக் கூரை இருக்கிறதே, அது எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டது. நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. நேசையன் அண்ணாச்சி மட்டும் மெல்ல நடந்துவந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

“அப்ப, இந்தப் பிள்ளைக்கும் உண்டு. இல்லியா?”

முதுகு

மூன்றரைக்கே லாரி வந்துவிட்டது. கம்புகள் இறங்கும் சத்தம் கேட்டதும் டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டார். ஐந்து மணிக்குப் பணியாட்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். பாட்டை வேண்டுமானால் சீலிங் போட்டபிறகு ஏ.சி.யில் சுகமாகப் பாடலாமே என்றாராம். சாரம் உள்ளே வந்து, தார்ப்பாய் தொங்கவிட்டால் எதிரொலி முடிந்தது. இன்னும் ஒரே தடவைக்குத்தான் நேரம்.

நான் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். “அண்ணாச்சி, சொல்லவேண்டாம்னு நான் சொல்லல. எதிரொலி முழுசா போன பிறகு சொல்லுங்க. நானும் அதுவரைக்கும் பிடிச்சுக்குறேன்.” அவர் யோசித்தார். “எப்பம் சொல்லலாம்னு நீ சொல்லுவியா?” “சொல்றேன்.” தலையை ஆட்டிவிட்டுக் கதவுக்குப் போனார். நான் கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

குழு தொடங்கியது. வெளியே கம்பைத் தோளில் சுமந்தவர்கள் வந்து கதவைத் தள்ளினார்கள். அண்ணாச்சி இரண்டு காலையும் ஊன்றி, முதுகால் தள்ளிப் பிடித்தார். கதவு ஒரு விரற்கடை உள்ளே வரும், திரும்பப் போகும். சத்தமில்லாமல். ஷிபின் லேப்டாப்பை மூடிவிட்டான். சர்வர் விழுந்தால் விழட்டும் என்று. மாமா ஒவ்வொரு ஸ்வரத்தையும் தடியூன்றியதுபோல் நேராக நிறுத்தினார். ஆமென் ஆமெனைத் துரத்தி, பின்னி, ஏறி, விரிந்து நின்றது. நின்று, ஓய்ந்தது.

எதிரொலி கூரைக்கு ஏறியது. மாடத்துக்குப் போனது. பக்கத்து வளைவுகளில் நுழைந்து வந்தது. அண்ணாச்சியின் கன்னம் தண்ணீரே இல்லாமல் உப்பியிருந்தது. கைக்குட்டையில் என் பல் இறங்கியது. கதவு ஒரு விரற்கடை வந்தது, போனது. எதிரொலி மெலிந்து, இன்னும் இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அளவுக்கு மெலிந்து, போய்விட்டது. நான் பொத்தானை அழுத்தினேன்.

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பீடத்துப் படியில் உட்கார்ந்தார். பாட்டைக் கேட்கவில்லை, பாட்டு முடிந்த இடத்திலிருந்து மட்டும் கேட்டார். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“நம்ம கோயில் இவ்வளவு பெரிசா மக்ளே?”

பிந்திய ஆமென்

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று. கம்புகள் உள்ளே வந்தன, பாதிச் சாரம் எழுந்தது, தார்ப்பாய் தொங்கியது, பணியாட்கள் அடுத்த இடத்துக்குப் போனார்கள். மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு, இனி வீட்டுக்குப் போய் ஒரு தோடி வாசித்தால்தான் கை வலி போகும் என்று கிளம்பினார். ஷிபின் போனான், பின்னாலேயே இன்னொரு டெனரும் போனார். பிஜு சேட்டன் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நான் மைக்குகளைக் கழற்றி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நேசையன் அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. பணியாட்கள் பிளக் எங்கே என்று கேட்டதற்கு விரலைக் காட்டினார். டீச்சர் போய்வருகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சாவிக்கொத்தோடு என் முன்னால் வந்து நின்றார். உதடு இறுக மூடியிருந்தது. மைக் பெட்டியைக் காட்டி, கையால் கேள்வி கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்கிறேன் என்று சொன்னவன் நான், சொல்லவே இல்லை. மனிதர் அந்த ஆமெனை இன்னும் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்!

“ஐயோ, சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன். சந்தேகத்தோடு பார்த்தார். பிடுங்கிய வயர் முனையைத் தூக்கிக் காட்டினேன். திருப்தியானது. பீடத்தைப் பார்த்துத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து, நிதானமாக, “ஆமென்” என்றார். கூரைக்குப் போன சத்தம் தார்ப்பாயில் மோதி அங்கேயே தங்கிவிட்டது. திரும்பி வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நானும் என் பங்குக்கு, “உம்” என்றேன். அவர் விளக்கை அணைத்தார், என்னை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார்.

“கொஞ்சம் பிந்திப்போச்சு,” என்றார். “பரவாயில்ல. கேக்குகவருக்கு மனசிலாகும்.”

சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார்.

ஆகக்கூடி எங்கள் தொழிலில் ஒரு நல்ல பதிவு என்பது, சொல்ல ஏதோ இருந்த எல்லாரும் கொஞ்சநேரம் அதை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான்.